கூச்சத்துக்கு ஆன்லைன் சிபிடியா, ஆசாரிபள்ளம் ஓபியா?

செமினார் அன்றைக்கு மட்டும் காய்ச்சல் வருகிற மாணவர் எல்லா வகுப்பிலும் உண்டு. வைவாவில் பதில் தெரிந்தும் வாய் வராது. கேன்டீனில் கூட்டம் என்றால் பட்டினியாகவே இருந்துவிடுவார். வீட்டில் கேட்டால் 'கூச்ச சுபாவம், போகப்போகச் சரியாகும்' என்பார்கள். படிப்பையும் வேலையையும் தடுக்கிற அளவுக்கு அது போய்விட்டால் சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். பெரும்பாலும் பதின்ம வயதிலேயே தொடங்குகிறது. தானாகப் போவது குறைவு.

இதற்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது சிபிடி எனும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. குமரி மாவட்டத்துக் கல்லூரி மாணவர் அதை எந்த வழியில் எடுத்துக்கொள்வது நல்லது என்பதுதான் கேள்வி.

சிகிச்சையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் ஒப்பிட முடியும். உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் முன்வைத்த விளக்கம் இது: பதற்றம் வந்ததும் கவனம் முழுக்கத் தன்மேலேயே திரும்பிவிடுகிறது. குரல் நடுங்குகிறதா, முகம் வியர்க்கிறதா என்றே மனம் பார்த்துக்கொண்டிருக்கும். எதிரில் இருப்பவர் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார் என்பது கண்ணில் படாது. கூடவே தப்பிக்கும் உத்திகளும் வரும்: கடைசி பெஞ்ச், சும்மா போனை நோண்டுவது, பேசப்போகும் வாக்கியத்தை உள்ளுக்குள் பத்து முறை ஒத்திகை பார்ப்பது. இவை அந்த நேரத்துக்குக் காப்பாற்றும். ஆனால் இவை இல்லாமலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள விடாது. சிபிடி அந்த உத்திகளை விட்டுப் பார்க்கச் சொல்கிறது. ஆகவே வேலையில் பெரும்பங்கு வெளியில்தான்: வடசேரி பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவரிடம் தக்கலை பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பது, மீதிச் சில்லறையைக் கண்டக்டரிடம் சத்தமாகக் கேட்டு வாங்குவது, ஞாயிறு பூசையில் முதல் வாசகம் வாசிக்க ஒத்துக்கொள்வது.

நேர்முக சிகிச்சைக்குத்தான் ஆதாரம் வலுவானது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தனிநபர் சிபிடியை முதலிடத்தில் வைக்கிறது. கிளார்க் முறையில் 90 நிமிட அமர்வுகள் 14 வரை, ஏறத்தாழ நான்கு மாதம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நோயைச் சரியாகக் கண்டறிய வைக்கலாம், மருந்தும் கிடைக்கும், காசு கேட்க மாட்டார்கள். ஆனால் ஓபி கூட்டத்துக்கு நடுவே வாராவாரம் ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் என்பது நடக்கிற காரியமா? தனியார் உளவியலாளரிடம் போகலாம் என்றால், குலசேகரத்திலிருந்தும் கொல்லங்கோட்டிலிருந்தும் நாகர்கோவில் வந்து போக அரைநாள் போய்விடும். அப்புறம் இது சின்ன மாவட்டம். வரிசையில் நிற்கும்போது அம்மாவின் தோழியோ சர்ச்சில் பார்த்த முகமோ எதிர்ப்படாமல் இருக்காது. அடுத்தவர் பார்வைக்கே அஞ்சுகிறவருக்கு அந்த பெஞ்சில் உட்காருவதே பெரிய பாடு.

ஆன்லைன் பாடத்தின் பலம் இங்கேதான். சுவீடனில் கெர்ஹார்ட் ஆண்டர்சன் போன்ற உளவியல் ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சோதித்தார்கள். வாரம் ஒரு பாடம், பயிற்சி, அதைப் படித்து மின்னஞ்சலில் பதில் எழுதும் ஒரு சிகிச்சையாளர். 2008இல் வெளியான ஒரு ஆய்வு பல்கலைக்கழக மாணவர்களை வைத்தே நடந்தது: 38 பேர், இரு பிரிவு. ஒரு பிரிவுக்கு ஆன்லைன் பாடம் மட்டும், மற்றதற்கு அதோடு நேரடிக் குழுப் பயிற்சியும். இரண்டு பிரிவும் தேறின, குழுப் பயிற்சியால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் வாரம் ஒரு நாள் பஸ் ஏற முடியாத மாணவருக்கு இது நல்ல செய்தி.

வீடியோ அழைப்பு நேர்முக சிகிச்சைக்கு மிக நெருங்கியது. இதில் உள்ளூர்ச் சிக்கல்கள் இரண்டு. வீட்டிலும் விடுதியிலும் கதவைச் சாத்திப் பேச இடம் கிடைக்காது. இரண்டாவது, பேச்சு. விளவங்கோடு பக்கத்துப் பையன் சென்னைக்காரரிடம் இரண்டு வாக்கியம் பேசியதும் 'நீங்க மலையாளியா?' என்று வரும். கோயம்புத்தூர் விடுதியில் அதே கேள்விக்குக் கூனிக் குறுகியவனுக்குச் சிகிச்சையிலும் அதுவா? முதல் அழைப்பிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. எழுத்தில் நடக்கும் பாடத்தில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

ஆள் துணையில்லாத செயலியை நான் கடைசியில்தான் வைப்பேன். பாதியில் விட்டுவிடுகிறவர்கள் இதில் அதிகம். பெரும்பாலானவை ஆங்கிலத்தில், பார்ட்டியில் அறிமுகம் செய்துகொள்வது மாதிரி உதாரணங்களோடு இருக்கின்றன. அதைவிடப் பெரிய ஆபத்து, அறைக்குள் இருந்தபடி பாடங்களை மட்டும் முடித்துவிட்டுத் தேறிவிட்டதாக நினைப்பது. அப்போது செயலியும் ஒரு தப்பிக்கும் உத்திதான். கல்லூரி நடத்தும் ஆளுமை வளர்ச்சி வகுப்பைச் சிகிச்சைக் கணக்கிலேயே சேர்க்க முடியாது.

ஆக, என் வரிசை இது. ஒருமுறை ஆசாரிபள்ளம் போய் நோயை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஆள் வழிகாட்டும் ஆன்லைன் பாடம். தமிழில் வேண்டுமென்றால் வீடியோவில் சிபிடி தெரிந்த உளவியலாளர். ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கூச்சப்படாமல் கேளுங்கள், அதுவே முதல் பயிற்சியாகவும் ஆகும். இரண்டு மாதத்தில் அசைவு இல்லையென்றால் நேர்முகம். உயிரை விடும் எண்ணம் வந்தாலோ, பயத்தை அடக்கக் குடிக்கத் தொடங்கியிருந்தாலோ இந்த வரிசையெல்லாம் வேண்டாம், நேரே மருத்துவமனைதான். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்.

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் பலன் தருபவையே. வேலை செய்யச் சில வாரம் ஆகும், மருத்துவர் சொல்லாமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. சிபிடிக்கோ ஒரு செமஸ்டர் வேண்டும், கேம்பஸ் இன்டர்வியூ வருகிற வாரம் தொடங்கிப் பயனில்லை. அந்த அவசரத்தில் நண்பன் கொடுக்கும், படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்கும் ப்ரோப்ரனலோல் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. ஆஸ்துமா இருந்தால் அது மூச்சையே அடைத்துவிடக்கூடும்.