விலை ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பேட்ச் எண்

தக்கலைப் பக்கம் சூப்பர் மார்க்கெட்டில் மசாலா பாக்கெட் வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து மைனி (அண்ணி) போன் செய்தார். "நீ வாங்குற மீன் மசாலாவுல பூச்சிக்கொல்லி மிச்சம் இருக்குன்னு கம்பெனியே திரும்ப எடுக்குதாம். பேட்ச் நம்பர அனுப்புறேன், பாரு" என்றார். ஒரே தடவையில் தயாரித்த சரக்குக்குக் கம்பெனி போடுகிற அந்த எண்ணைப் பார்க்கக் கவர் எங்கே? வாங்கிய அன்றே டப்பாவில் தட்டிவிட்டுக் கவரைக் குப்பையில் போட்டாச்சு. இரண்டு தடவை சாளைக் குழம்பும் வைத்துத் தின்றாகிவிட்டது. "நல்லா கொதிச்சா எல்லாம் போயிரும்" என்றார் அம்மா. பூச்சிக்கொல்லி மிச்சத்தை அப்படி நம்பிவிட முடியாது.

டப்பாவோடு கடைக்குப் போனேன். அதே மசாலா அலமாரியில் வரிசையாக இருக்கிறது. "அதெல்லாம் வடக்க போன சரக்கு அண்ணே, நம்ம பக்கம் வரல்ல" என்றான் கவுண்டரில் இருந்த பையன். ஒரு பாக்கெட்டைத் திருப்பினேன். பேட்ச் எண் இருக்க வேண்டிய இடத்தில் கடையின் விலை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டி உரித்தால், மைனி அனுப்பிய அதே எண்! தெரிந்து ஒட்டினார்களா, தெரியாமல் ஒட்டினார்களா, கடவுளுக்கே வெளிச்சம்.

முதலாளி வந்தார். பில் இல்லாமல் பணம் தர மாட்டாராம். வேண்டுமானால் வேறு பாக்கெட் மாற்றித் தருவாராம். எடுத்து நீட்டினார். அதுவும் அதே பேட்ச்.

கம்பெனி திரும்பப் பெறுகிறது என்றால் அந்த பிராண்டின் சரக்கு முழுக்கக் கெட்டது என்று அர்த்தமில்லை. 2025 ஜனவரியில் பதஞ்சலி 200 கிராம் மிளகாய்ப்பொடி பாக்கெட்டைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். பூச்சிக்கொல்லி மிச்சம் அளவுக்கு மேல் இருந்ததுதான் காரணம். மொத்தம் 4 டன், ஒரே ஒரு பேட்ச். ஆகவே பேட்ச் எண், தயாரித்த தேதி, பாக்கெட் எடை மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால்தான் நம் வீட்டுச் சரக்கும் அதில் சேருமா என்று தெரியும். இப்படிச் சரக்கைத் திரும்பப் பெறுவதற்கென்று 2017-இலேயே தனி விதிமுறை வந்துவிட்டது. அறிவிப்பு வந்த பேட்சைக் கடையில் வைத்து விற்கக் கூடாது.

நான் வாக்குவாதத்தை வளர்க்கவில்லை. ஸ்டிக்கர் உரித்த பாக்கெட்டையே பில் போட்டு வாங்கினேன். பேட்ச் எண், பாக்கெட்டில் இருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், பில் எல்லாவற்றையும் படம் எடுத்து, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் புகார் போட்டிருக்கிறேன். பாக்கெட்டைப் பிரிக்காமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பரண்மேல் வைத்திருக்கிறேன். அதிகாரி வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும்.