பில் தரவை அலச எது மேல்: அப்ரியோரியா, எஃப்பி-குரோத்தா, கிளவுடா?

எந்தச் சரக்கோடு எந்தச் சரக்கு சேர்ந்து விற்கிறது என்று பழைய பில்களைத் தோண்டிப் பார்க்க நினைக்கும் சவுகார்பேட்டை மொத்தக் கடையை எடுத்துக்கொள்வோம். 10 லட்சம் பில், 2,000 சரக்கு. எந்த வழியில் செய்தால் மின்சாரம் குறைவாகச் செலவாகும் என்பதும் இங்கே கேள்வி. கணினி இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் பிறப்பது. நாட்டுச் சராசரியாக யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு. எரிந்த நிலக்கரியின் சாம்பல் எங்கே போகிறது என்பதை எண்ணூர் முகத்துவாரத்து மீனவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்ரியோரி, எஃப்பி-குரோத் இரண்டும் சேர்ந்து விற்கும் சரக்குகளைத் தேடும் கணிப்பு முறைகள். 1994இல் வந்த அப்ரியோரி, சேர்க்கையின் நீளம் ஒவ்வொன்று கூடும்போதும் தரவு முழுவதையும் மறுபடி படிக்கும். 2,000 சரக்கும் அடிக்கடி விற்பவை என்று தேறிவிட்டால் இரட்டைச் சேர்க்கைகள் மட்டுமே ஏறத்தாழ 20 லட்சம். 2000இல் வந்த எஃப்பி-குரோத் இரண்டே முறை படித்து, மரமாகச் சுருக்கிக்கொள்ளும். இந்த வேலைக்கு அதுவே மேல், சந்தேகமில்லை. ஆனால் குறைந்தபட்ச ஆதரவு அளவை (ஒரு சேர்க்கை குறைந்தது எத்தனை பில்லில் வந்தால் கணக்கில் எடுப்பது என்ற வரம்பை) ஒரேயடியாக இறக்கினால் மரம் ரேமில் அடங்காது. கணினி டிஸ்க்கை நாடும், மணிக்கணக்கில் இழுக்கும். முதலில் 5% பில்களை மட்டும் ஓட்டி அளவைத் தீர்மானித்துவிட்டு, பிறகு முழுத் தரவுக்குப் போங்கள்.

பலர் கவனிக்காதது அட்டவணையில் எண்களைச் சேமிக்கும் வகை. பைத்தானில் பில்-சரக்கு அட்டவணையை இன்ட்64 ஆக (கட்டத்துக்கு 8 பைட் பிடிக்கும் முழு எண்) வைத்தால் 16 ஜிபி. பூல் ஆக (ஆம்/இல்லை மட்டும், 1 பைட்) மாற்றினால் 2 ஜிபி. காலிக் கட்டங்களைச் சேமிக்காத ஸ்பார்ஸ் வடிவில் இன்னும் குறையும். புது ரேம் வாங்கும் செலவும் மிச்சம்.

ஜிபியு எனும் கிராபிக்ஸ் கார்டு இதற்கு வேண்டாம். அதோடு மொத்தம் 450 வாட் இழுக்கும் கணினி 10 மணி நேரம் ஓடினால் 4.5 யூனிட், 3 கிலோவுக்கு மேல் கரியமில வாயு. ஏற்கெனவே இருக்கும் சாதாரண டெஸ்க்டாப்பே போதும்.

கிளவுட் சர்வர், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினி, பலருக்குப் பொது என்பதால் வீணாவது குறைவு. ஆனால் சர்வர் இருப்பது மும்பையோ ஹைதராபாத்தோ, மின்சாரம் அதே தேசியத் தொகுப்புதான். வேலை முடிந்தும் அணைக்காமல் விட்ட சர்வர் அந்த ஆதாயத்தைத் தின்றுவிடும். தானாக அணையும்படி வையுங்கள்.

வேலையை ஓட்டுவது இரவா, பகலா? வெயில் காலத்தில் பகல் 11 முதல் 3 வரை. சூரிய மின்சாரம் தொகுப்பில் நிறைந்திருக்கும் நேரம் அது. மாலை 6க்கு மேல் பெரும்பாலும் அனல்மின் நிலையங்கள்தான் தாங்குகின்றன. வாட் மீட்டரை பிளக்கில் மாட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் யூனிட்டைக் குறித்துவையுங்கள்.