கொம்புச்சாவில் ஹாப்ஸ்: நறுமணத்துக்காகச் சேர்த்துப் பார்த்த நெடுநாள் அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கத்தில் வசிக்கும் நான், குன்னூர்த் தேயிலையில் கொம்புச்சா என்னும் இனிப்புத் தேநீர்ப் பானத்தைப் புளிக்க வைத்து, பியருக்கு மணம் தரும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களை அதில் சில ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். பியரையே காய்ச்சலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்கை முதலில் நடைமுறைப்படுத்தியது நம் சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய சட்டப்படியும் தமிழ்நாட்டில் வீட்டில் பியர் காய்ச்ச இடமில்லை. ஹாப்ஸின் மணத்தை அனுபவிக்க மது தேவையுமில்லை.

ஹாப்ஸைக் கொதிக்க வைத்தால் அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தரும், மணம் தரும் எண்ணெய்களோ ஆவியாகிப் போய்விடும். அதனால்தான் பியர் காய்ச்சுவோர் மணத்துக்கான ஹாப்ஸை நொதித்தலின்போதோ, அது முடிந்த பிறகோ சூடில்லாமல் சேர்க்கிறார்கள். நொதித்தல் நடக்கும்போதே சேர்த்தால் ஈஸ்ட் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதோடு, ரோஜா மணமுள்ள ஜெரானியோலின் ஒரு பகுதியை எலுமிச்சை மணம் கலந்த சிட்ரோனெல்லோலாகவும் மாற்றுகிறது. ஆனால் வெளியேறும் கரியமில வாயு மணத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கொண்டுபோய்விடும்.

கொம்புச்சாவில் இதை அப்படியே செய்யக் கூடாது. ஹாப்ஸிலுள்ள அமிலங்கள் லாக்டிக் பாக்டீரியா போன்றவற்றை ஒடுக்கக்கூடியவை என்பதால், தேநீரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் சேர்ந்த தாய்ப் படலம் மிதக்கும் பாத்திரத்தில் அதைப் போடாமல், அடுத்த முறை உறையூற்றப் பயன்படும் புளித்த தாய்நீரை எடுத்து வைத்த பிறகே, தனியாக வடித்த நீரில் சேர்க்கிறேன். மூன்று லிட்டருக்கு ஆறு கிராம் பெல்லட்டை (ஹாப்ஸைப் பொடித்து அழுத்திய சிறு குச்சிகள்) வெந்நீரில் அலசிய மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து, எவர்சில்வர் பாத்திரத்தில் அமிழ்த்தி, வாய்க்கு வேடு கட்டிவிடுவேன். பெல்லட்டை நேரடியாகப் பாட்டிலில் போட்டு மூடுவதை மட்டும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதன் துகள்களைப் பற்றிக்கொண்டு வாயு ஒரேயடியாக எழும்பி, திறந்தவுடன் பாதிப் பானம் வெளியே பொங்கிவிடும்.

அளவைவிட நேரமும் வெப்பமுமே மணத்தைத் தீர்மானிக்கின்றன என்பதே என் முடிவு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாதத்தில் ஒரு நாள் முழுக்க ஊறவிட்டாலும் மணம் தெளிவாக நிற்கிறது. சித்திரை வெயிலில் அதே ஒரு நாளில் மணம் மங்கிப் புளிப்பு ஏறிவிடுவதால், அம்மாதங்களில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தே ஊறவைக்கிறேன். அங்கும் இரண்டு நாளைத் தாண்டினால் பழ மணத்துக்குப் பின்னால் அறுத்த புல்லின் வாசமும் நாக்கில் ஒரு துவர்ப்பும் வந்து சேர்கின்றன. தேயிலையே துவர்ப்புள்ளது என்பதால் இது பியரைவிட இங்கே கூடுதலாக உறைக்கிறது.

ஹாப்ஸ் வகைகளில் எனக்கு நிறைவளித்தது சிட்ரா. பம்பளிமாசும் லிச்சியும் கலந்த அதன் மணம் நீலகிரித் தேயிலையின் மலர் வாசத்தோடு இயல்பாகப் பொருந்துகிறது. 1972-இல் அமெரிக்காவில் வெளியான கேஸ்கேட் இதைவிட மென்மையானது. புளிப்பு மிகுந்த கொம்புச்சாவில் அது எடுபடுவதில்லை. செக் நாட்டின் சாஸ் வகையில் மூலிகை வாசம் மேலோங்கும். அதைக் குடித்துப் பார்த்த என் மாமியார், “வேப்பம்பூ ரசமாட்ட வாசம் வருதுங்க மாப்பிள்ளை” என்றார். அந்த மதிப்பீடு மிகச் சரியானது.

புதிய பெல்லட்டை விரலில் நசுக்கினால் பச்சைத் தூளுக்கிடையே மஞ்சள் பிசின் பிசுபிசுவென ஒட்டும். காற்றும் சூடும் பட்டுப் பழசான சரக்கில் பாலாடைக்கட்டி நாற்றம் வரும். அதை எறிந்துவிடுவதே நல்லது. பிரித்த பொட்டலத்தைக் காற்று நீக்கி, இறுக மூடி உறைபெட்டியில் வைப்பது அவசியம். பானத்தை வடித்தபின் இனிப்பு சேர்த்துப் பாட்டிலில் நாள் கடத்துவதையும் தவிர்க்கிறேன். உணவுப் பாதுகாப்பு விதிகள் 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ளதை மதுபானமாகக் கொள்கின்றன, மூடிய பாட்டிலில் சர்க்கரை சேர்ந்தால் அந்த எல்லை எளிதில் கடந்துவிடும்.

தோட்ட வீடுகளில் இருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹாப்ஸ் நாய்களுக்கு நஞ்சு. தின்ற நாய்க்கு உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஊறிய சக்கையை வாசலிலோ திறந்த குப்பைக்குழியிலோ கொட்டாமல், ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.