மாட்டுங்காவிலிருந்து நார்வே: 9 நாள் டூருக்கு 3 நட்சத்திரம்

மும்பை மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் ஒரு டூர் ஆபீஸில் பணம் கட்டி, ஜூனில் நானும் மனைவியும் போய் வந்தோம். பேர் வேண்டாம். விசா வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுத்தார்கள்.

குறை அவர்கள் தந்த டூர் பிரசுரத்தின் அட்டைப் படத்தில். முகப்பில் பிரைக்கஸ்டோலன் பாறை. தட்டையான உச்சியில் ஆட்கள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதை நம்பி மனைவி 3 மாதம் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் நடந்து பழகினாள். அங்கே போனால் லீசெஃபியோர்டில் (ஃபியோர்டு என்றால் மலைகளுக்கு நடுவே நீளும் கடல் நீர்) படகுச் சவாரி. பாறை தலைக்கு மேலே 604 மீட்டரில். "ஏங்க, பல்லி தலை நீட்டின மாதிரி இருக்கே, அதுவா?" அதுவேதான். போக வர 8 கிலோமீட்டர் மலை நடை, சீனியர்களைக் கூட்டிப் போவதில்லையாம். அப்புறம் எதற்கு அந்தப் படம்?

ஃபிளாம் ரயில்தான் ஈடு கட்டியது. நான் காட் செக்‌ஷனில் (மலைப்பாதையில்) எஞ்சின் ஓட்டி ரிட்டயர் ஆனவன். கர்ஜத்தில் பின்னால் பேங்கர் (தள்ளிவிடும் கூடுதல் எஞ்சின்) மாட்டி லோனாவாளா ஏற்றுவோமே, அந்த ஏற்றம் 37க்கு 1, அதாவது 37 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் ஏறும். இங்கே 18க்கு 1! ஊட்டி ரயில் 12க்கு 1தான், ஆனால் அது பல்சக்கரம் பிடித்து ஏறும். ஃபிளாமில் பல்லே கிடையாது. மிர்டாலில் 866 மீட்டர் உயரத்தில் கிளம்பி, 20 கிலோமீட்டருக்குள் கடல் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. 20 சுரங்கம், ஒன்று மலைக்குள்ளேயே வளைந்து திரும்புகிறது. 1940இல் வண்டி ஓட ஆரம்பித்த பாதை. எல்லோரும் ஜன்னலில் முட்டிக்கொண்டு அருவி பார்க்க, நான் பிரேக் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஷோஸ்ஃபோசன் அருவியில் வண்டியை நிறுத்துகிறார்கள். சிவப்பு உடையில் ஒரு பெண் பாறைமேல் மோகினி மாதிரி ஆடுகிறாள். எனக்கு ஒட்டவில்லை. மற்றவர்கள் கை தட்டினார்கள்.

நேரோய்ஃபியோர்டு சில இடங்களில் 250 மீட்டர் அகலம்தான். பஸ்ஸில் அந்தாக்ஷரியை விடாத எங்கள் கும்பலே அங்கே வாயடைத்து நின்றது. பெர்கனில் மழை. 1702 தீ விபத்துக்குப் பிறகு கட்டிய பிரிகன் மரவீடுகளுக்கு 20 நிமிஷம், ஸ்வெட்டர் கடைக்கு ஒரு மணி நேரம். ராத்திரி சாப்பாடு 9 நாளும் பனீர். மனைவி கொண்டுவந்த ரைஸ் குக்கரும் அந்த ஊர்த் தயிரும் காப்பாற்றின.

திரும்பி வந்து படத்தைப் பற்றிக் கேட்கப் போனேன். புதுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்தார்கள். அட்டையில் வானமெல்லாம் பச்சையாக வடதுருவ ஒளி. பயணத் தேதி அதே ஜூன். ராத்திரி 11 மணிக்கும் விளக்கில்லாமல் பேப்பர் படிக்கலாம், அந்த வெளிச்சத்தில் எந்த ஒளியைக் காட்டப்போகிறார்களோ!