பிக்கப்புக்குப் பெரிய டயரா, அதே அளவா? டீசல் நோட்டு சொன்ன கணக்கு

என் வண்டி 2017 மாடல் இசுசு வி-கிராஸ் பிக்கப். 2.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி கொடுத்த டயர் அளவு 245/70 ஆர்16; அதாவது அகலம் 245 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 16 அங்குலம். பட்டன், அதாவது தரையைக் கவ்வும் ரப்பர் கட்டைகள், தேய்ந்து, ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்ததும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு மத்தியானம் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் கையில் இரண்டு யோசனை மிஞ்சியது. ஒன்று, அதே அளவில் ஏடி, அதாவது ஆல் டெரெய்ன், தார் ரோட்டுக்கும் மண் வழிக்கும் பொதுவானது. இன்னொன்று, 265/75 ஆர்16 அளவில் எம்டி, அதாவது மட் டெரெய்ன், சேற்றுக்கென்றே செய்தது.

கூட வந்தவன் என் மனைவியின் தம்பி. அவனும் இதே வண்டிதான் வைத்திருக்கிறான். "மாமா, மைலேஜ் பாக்குறவங்க எதுக்கு மாமா பிக்கப் வாங்கணும்? ஸ்கூட்டர் வாங்கிட்டுப் போலாமே" என்றான். ரோஷம் வந்துவிட்டது. எம்டியையே போட்டேன். 11 மாதம் ஓட்டினேன். அப்புறம் கழற்றிவிட்டு அதே அளவு ஏடிக்கு வந்து சேர்ந்தேன். ஆகவே நான் நடுநிலையான ஆள் இல்லை. ஏடி பக்கம் சாய்ந்தவன் என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். தோற்றத்தில் எம்டிக்கு ஈடே கிடையாது. பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போது நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் உண்டு; 60 தாண்டினால் மாவு மில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி ஒரே சீராக உறுமும். சேற்றில் எம்டி ராஜா. இதிலெல்லாம் விவாதத்துக்கு ஒன்றுமில்லை.

விவாதம் மைலேஜில்தான். "பெரிய டயர் போட்டால் மைலேஜ் பாதியாகிவிடும்" என்று ஒரு கட்சி, "ஒரு கிலோமீட்டர்கூடக் குறையாது" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒரே இடத்தில் தப்பு செய்கிறது. வண்டியின் ஓடோமீட்டரை அப்படியே நம்புகிறது.

ஓடோமீட்டருக்குச் சாலை தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று மட்டும் தெரியும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பது கம்பெனி டயரை வைத்து உள்ளே எழுதப்பட்டிருக்கிறது. 245/70 ஆர்16 டயரின் விட்டம் கணக்குப்படி 749 மி.மீ. 265/75 ஆர்16 டயருக்கு 804 மி.மீ. ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வித்தியாசம். அதாவது பெரிய டயரில் வண்டி 107 கி.மீ. ஓடியிருந்தால் மீட்டர் 100 என்றுதான் காட்டும். மைலேஜைக் கணக்குப் போடும்போது அந்த ஏழு கிலோமீட்டர் காணாமல் போகிறது. டீசல் போனதாக நினைப்போம், போனது மீட்டரில் ஏறாத தூரம்.

இதைக் காகிதத்தில் மட்டும் நம்ப மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு தாண்டியதும் ஒரு கிலோமீட்டர் கல்லைக் குறித்துக்கொண்டு, சரியாக 50 கல் எண்ணினேன். பழைய டயரில் முன்பே இதே தூரத்தை ஓட்டி வைத்திருந்தேன், அப்போது மீட்டர் காட்டியது 50.1. எம்டியில் காட்டியது 46.8. ஆக என் வண்டிக்குப் பெருக்க வேண்டிய எண் 1.07. டீசல் போடும்போதெல்லாம் கணக்கு எழுதும் நோட்டின் முதல் பக்கத்தில் அதைப் பெரிதாக எழுதி வட்டம் போட்டேன்.

ஸ்பீடோமீட்டரும் இதே வழிதான். கம்பெனி டயரில் முள் 80 காட்டும்போது போனின் ஜிபிஎஸ் 76 காட்டும். எல்லா வண்டியிலும் இந்த மாதிரி கொஞ்சம் கூட்டித்தான் வைத்திருப்பார்கள். எம்டியில் முள் 80 இருக்கும்போது ஜிபிஎஸ் 81. நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அந்த நான்கு கிலோமீட்டர் போய்விட்டது. ஊருக்குள் காருக்கு 60 என்று வைத்துக் கேமரா மாட்டியிருக்கும் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

சரி, நோட்டுக்கு வருவோம். ஒவ்வொரு முறையும் அதே பங்க், நாசில் தானாக நின்றதும் நிறுத்திவிடுவது, சில்லறையைச் சரிக்கட்ட மேலே ஊற்றச் சொல்வதில்லை. தேய்ந்த பழைய டயரில் ஊருக்குள் லிட்டருக்கு 10.4, ஹைவேயில் 13.2. எம்டியில் மீட்டர்படி ஊருக்குள் 8.4, ஹைவேயில் 11.6. இதை மட்டும் பார்த்தால் வயிறு எரியும். 1.07ஆல் பெருக்கினால் 9.0, 12.4. இப்போது ஓடும் அதே அளவு ஏடியில் 10.0, 12.7.

இந்த எண்களில் ஒரு சாய்வு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தேய்ந்த டயர் புது டயரைவிட லேசாக உருளும். ரப்பர் குறைவு, மடங்கி நிமிர்வதும் குறைவு. ஆகவே என் 10.4 கொஞ்சம் அதிர்ஷ்ட எண். அதே டயரைப் புதிதாகப் போட்டு அளந்திருந்தால் அதற்கும் ஏடிக்கும் இடைவெளி இன்னும் சுருங்கியிருக்கும்.

என்னை யோசிக்க வைத்தது வேறு. ஹைவேயில் எம்டி வெறும் ஆறு சதவீதம்தான் குறைத்தது. ஊருக்குள் 13க்கு மேல். ஒரே டயர், ஒரே வண்டி, ஒரே கால். ஏன் இப்படி?

முதலில் எடை என்று நினைத்தேன். டயரைக் கழற்றிய அன்று, வேளச்சேரியில் எங்கள் தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்கு இரண்டு சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனேன். "என்ன சார், கிலோவுக்குப் போடப் போறீங்களா?" என்று கடைக்காரர் உண்மையிலேயே கேட்டார். ரிம்மோடு பழைய சக்கரம் 26.5 கிலோ, எம்டி 36 கிலோ. பழையது தேய்ந்தது என்பதால் ஒரு கிலோ தள்ளுபடி கொடுத்தாலும் சக்கரத்துக்கு எட்டரை கிலோ கூடுதல். நான்குக்கும் சேர்த்து 34. இந்தக் கனம் பெரும்பாலும் டயரின் வெளிவட்டத்தில் இருக்கிறது. அதை முன்னால் தள்ளினால் போதாது, சுழற்றவும் வேண்டும். அதனால் வேகம் எடுக்கும்போது வெளிவட்டத்தில் இருக்கும் ஒரு கிலோ, வண்டிக்குள் இருக்கும் ஏறக்குறைய இரண்டு கிலோவுக்குச் சமம். பின்னால் சரக்குத் தொட்டியில் எந்நேரமும் ஒரு ஆள் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஏறக்குறைய இரண்டு டன் வண்டிக்கு ஒரு ஆள் என்ன பாரம்? எடையை மட்டும் குற்றவாளி ஆக்கினால் கணக்கு உதைக்கிறது. மிச்சத்தை இரண்டு காரணம் பங்கு போடுகிறது.

ஒன்று கியர். டயர் விட்டம் ஏழு சதவீதம் கூடினால் ஐந்து கியரும் சேர்ந்து ஏழு சதவீதம் நீண்டுவிடுகிறது. இந்த இன்ஜினின் 320 நியூட்டன் மீட்டர் இழுவை நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு மேல்தான் முழுசாகக் கிடைக்கும். விஜயநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிண்டி வரைக்கும் நான் பழைய டயரில் மூன்றாவது கியரில் ஊர்ந்து போவேன். எம்டியில் அதே வேகத்தில் மூன்றாவது இழுக்காது, தலையை ஆட்டும். இரண்டுக்கு இறக்க வேண்டும். சிக்னலில் கிளம்பும்போது கிளட்சைக் கொஞ்சம் கூடப் பிடித்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட மிதிக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து அம்பத்தூர் ஆபீஸ் போவதற்குள் எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள். ஹைவேயில் இது தலைகீழ். நீண்ட கியர் இன்ஜினை மெதுவாகச் சுற்ற விடுகிறது, டயர் தின்னும் டீசலில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. அங்கே ஆறு சதவீதத்தோடு தப்பித்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று பட்டன். எம்டியின் பட்டன் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு, நடுவில் விரல் போகிற பள்ளம். தார் ரோட்டில் உருளும்போது ஒவ்வொரு கட்டையும் நசுங்கி, வளைந்து, நிமிர்கிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் சூடாக மாறிப் போகிறது. நாற்பது நிமிடம் ஓட்டிவிட்டு டயரைத் தொட்டால் தெரியும். ஏடியின் கட்டைகள் சிறியவை, நெருக்கமானவை, நடுவரிசை ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். அளவா பட்டனா, எது கூடுதலாகத் தின்றது என்று பிரித்துச் சொல்ல, அதே அளவில் எம்டியும் பெரிய அளவில் ஏடியும் தனித்தனியே ஓட்டியிருக்க வேண்டும். அவ்வளவு காசு என்னிடம் இல்லை. 265/70 ஆர்16 என்று நடுவில் ஒரு அளவு இருக்கிறது, விட்டம் நான்கு சதவீதத்துக்குள்தான் கூடும். அதில் ஏடி போட்டவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள். நான் ஓட்டியதில்லை.

காசாக மாற்றினால் இப்படி. மாதம் 900 கி.மீ. ஊருக்குள். எம்டியில் 100 லிட்டர், ஏடியில் 90. நான் நோட்டு எழுதிய மாதங்களில் டீசல் 92 ரூபாய் சில்லறை. மாதம் 920, வருடம் 11,000. இதற்கு மேல் டயரின் விலை. எம்டி ஒன்றின் விலையில் ஏடி ஒன்றரை வாங்கலாம். நான்கோடும் முடியாது, ஐந்து வாங்க வேண்டும். ஸ்டெப்னி மட்டும் பழைய அளவில் இருந்து, அதை மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் டிரைவ் போட்டால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றி கியர் பெட்டிக்குள் இழுபறி ஆகும். போதாததற்கு ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் முன்பக்க மட்ஃப்ளாப்பில் உரசியது. கழற்றிப் போட்டேன். அப்புறம் மழைக்காலத்தில் கதவெல்லாம் சேறு.

பெரிய டயருக்கு உள்ள உண்மையான லாபத்தையும் சொல்ல வேண்டும். லிஃப்ட் கிட், அதாவது வண்டியை உயர்த்தும் பாகங்கள், போட்டால் பாடி உயரும்; ஆனால் பின் அச்சும் அதன் நடுவில் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிஃபரென்ஷியலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றைத் தரையிலிருந்து தூக்குவது டயர் மட்டுமே. விட்டத்தில் 55 மி.மீ. கூடினால் அடியில் கிடைப்பது அதில் பாதி, 27 மி.மீ. நாகலாபுரம் பக்கம் பாறை வழியில் அந்த 27 மி.மீ. இரண்டு இடத்தில் என்னைக் காப்பாற்றியது. பழவேற்காட்டு மணலில் காற்றை இறக்கிவிட்டால் எம்டி மெத்தை மாதிரி அகன்று நிற்கும். மாதம் இரண்டு தடவை அந்தப் பக்கம் போகிறவர் என்றால் நான் மேலே எழுதிய காசுக் கணக்கை மறந்துவிடுங்கள். நான் 11 மாதத்தில் நான்கு தடவை போனேன்.

வெள்ளத்துக்காகப் பெரிய டயர் என்று சொல்பவர்களிடம் மட்டும் எனக்கு வாதம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் இருந்தவன் நான். இடுப்பளவு தண்ணீரில் ஒரு அங்குலம் என்ன செய்யும்? அந்த வாரம் வண்டியைக் காப்பாற்றியது டயர் இல்லை, முந்தின நாள் இரவே மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியதுதான்.

மழையில் எம்டியின் உண்மையான முகம் தெரிந்தது கத்திப்பாரா மேம்பாலத்தில். முதல் தூறல், பாலத்தின் வளைவு, வேகம் 40கூட இல்லை. பின்பக்கம் ஒரு அடி வெளியே போய்த் திரும்பி வந்தது. தொட்டியில் பாரமில்லாத பிக்கப்புக்கு எப்போதும் பின்பக்கம் லேசுதான். ஆனால் பெரிய கட்டைகளும் அகலப் பள்ளங்களுமாக இருக்கும் டயரில் தரையைத் தொடும் ரப்பரே குறைவு, ஈர சிமென்டில் பிடிப்பு இன்னும் குறைவு. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எம்டியை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். மைலேஜ் கணக்கு அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் முடிந்தது. இதை மறைத்தால் நோட்டைப் பார்த்து முடிவெடுத்த புத்திசாலி மாதிரி ஆகிவிடும்.

சட்டப்பக்கம் ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியைக் கம்பெனி விவரத்திலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. விபத்து என்று வந்து, இன்சூரன்ஸ் சர்வேயர் டயரில் உள்ள எண்ணையும் கம்பெனி குறித்த அளவையும் ஒப்பிட்டால் நம்மால் வாய் திறக்க முடியாது. அதே அளவு ஏடிக்கு இந்தக் கவலையே இல்லை.

டயர் ஊரான சென்னைக்கே இது ஒரு வேடிக்கைதான். திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்ய ஆரம்பித்த எம்ஆர்எஃப்பிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை நம்மைச் சுற்றி டயர் ஆலைகள். அப்படியிருந்தும் டயர் வாங்கக் கடைக்குப் போனால் பக்கச்சுவரில் உள்ள எண்ணை யாரும் படிப்பதில்லை, பட்டனைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தடவினேன்.

கழற்றிய எம்டியைப் பாதி விலைக்கு மச்சானே வாங்கிக்கொண்டான். அவன் வண்டியில் லிஃப்ட் கிட் இருக்கிறது, உரசவில்லை. போன வாரம் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினான். "மாமா, எட்டரைதான் குடுக்குது. நீங்க ஏதோ ஒன்பதுன்னு சொன்னீங்களே?" வட்டம் போட்ட அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் திருப்பி அனுப்பினேன்.