'10 கிகாபிட் தாங்கும்' என்று ரூட்டர் விற்க வருகிறார்களா? உஷார்

சிறிய ஊர்களில் இணையச் சேவை நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'எங்கள் சொந்த இயங்குதளம், 10 கிகாபிட்டை அசராமல் தாங்கும்' என்று சொல்லி ஒரு நிறுவனம் எங்கள் தலையில் ரூட்டர் ஒன்றைக் கட்டியது. பெட்டிக்குத் தனி விலை, ஆண்டு லைசென்ஸுக்குத் தனிக் கட்டணம். நேரில் சோதித்தும் காட்டினார்கள், திரையில் 9.4 கிகாபிட் ஓடியது.

அந்தச் சோதனையில்தான் சூது. தரவை 1,500 பைட் பாக்கெட்டாக (துண்டாக) அனுப்பினால் விநாடிக்குச் சுமார் 8 லட்சம் பாக்கெட்டிலேயே 10 கிகாபிட் நிரம்பிவிடும். 64 பைட் பாக்கெட் என்றால் 1 கோடியே 48 லட்சம் வேண்டும். ரூட்டருக்கு வேலை வைப்பது பாக்கெட்டின் எண்ணிக்கை. விற்பவர்களுக்கு இது தெரியாதா என்ன?

மாலையில் கூட்டம் ஏறியதும் வேகம் படுத்துவிட்டது. கன்சோல் கேபிளைச் செருகி ரூட்டரை மறுபடி இயக்கினால், திரையில் வரிவரியாக ஓடியது, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய டெபியன் லினக்ஸ் இயங்குதளம்! அதுவும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பழைய பதிப்பு. லோகோ மட்டும்தான் அவர்களுடையது. ப்ராசஸரின் எட்டு கோர்களில் ஒன்று நூறு சதவீதத்தில் திணற, மற்ற ஏழும் சும்மா கிடந்தன. வாடிக்கையாளர் வீடுகளிலிருந்து பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) வழியாக வரும் பாக்கெட்டுகளைப் பல நெட்வொர்க் கார்டுகளால் பிரித்தறிய முடியாது. எல்லாவற்றையும் ஒரே வரிசையில், ஒரே கோரிடம் தள்ளிவிடும்.

புகார் செய்தோம். 'மேல்நிலை லைசென்ஸ் வாங்குங்கள்' என்றார்கள். பெட்டியின் முழுக் கட்டுப்பாட்டையும் தரும் ரூட் கடவுச்சொல்லைக் கேட்டால் 'நிறுவனக் கொள்கை'. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குரிய ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்படி மூலநிரலைக் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. கட்டற்ற மென்பொருளைக் காசுக்கு விற்பதில் தவறில்லை, உரிமமே அதை அனுமதிக்கிறது. பெயரை மறைத்து, சாவியையும் தாங்களே வைத்துக்கொள்வதுதான் அயோக்கியத்தனம்.

கடைசியில் அதே பெட்டியில் புதிய டெபியனை நாங்களே நிறுவினோம். பாக்கெட்டுகளை எல்லாக் கோர்களுக்கும் பகிரும் ஆர்பிஎஸ் வசதி 2010 முதலே கர்னலில் இருக்கிறது. அதை இயக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்குத்தான் மேல்நிலை லைசென்ஸ் விலை பேசினார்கள்.

பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ், வையோஸ் என எந்தத் திறந்த மூல ரூட்டர் மென்பொருளின் மேல் கட்டிய பெட்டியாக இருந்தாலும், முன்பணம் கொடுக்குமுன் மூன்றை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்: அடிப்படை இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும், ரூட் கடவுச்சொல், 64 பைட் பாக்கெட்டில் பிபிபிஓஇ, நாட் (பலர் ஒரே ஐபி முகவரியைப் பகிரும் வசதி) இரண்டையும் இயக்கிவைத்து எடுத்த சோதனை முடிவு.