ஒரே மருத்துவர், இரண்டு பில்: அமெரிக்காவில் எந்த வாசலுக்கு எவ்வளவு?

என் மகளின் தோல் ஒவ்வாமைக்காக மூன்று ஆண்டுகளாக ஒரே மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் நாங்கள் கட்டும் நிலையான பங்கு, அதாவது கோ-பே, 40 டாலர். அதோடு கணக்கு தீர்ந்துவிடும். பிறகு அந்தக் கிளினிக்கை ஒரு மருத்துவமனைக் குழுமம் வாங்கியது. அதே அறை, அதே நர்ஸ், அதே பத்து நிமிடப் பரிசோதனை. வாசல் பலகையில் மட்டும் மருத்துவமனையின் பெயர் ஏறியிருந்தது. ஆறு வாரம் கழித்து இரண்டாவது பில் வந்தது: 286 டாலர், ‘ஃபெசிலிட்டி ஃபீ’, அதாவது வசதிக் கட்டணம். கோபத்தில் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தனி மருத்துவரின் கிளினிக்கில் கட்டட வாடகை, நர்ஸ் சம்பளம், கருவிகள் எல்லாம் அவருடைய கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அந்த இடம் மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவாகப் பதிவாகிவிட்டால் கட்டணம் இரண்டாகப் பிரிகிறது: மருத்துவருக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று. மருத்துவர் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் கட்டணக் கோரிக்கையில் சிகிச்சை நடந்த இடத்தைக் காட்டும் இரண்டு இலக்க எண் இருக்கும். 11 என்றால் மருத்துவர் அலுவலகம். 22 என்றால் மருத்துவமனை வளாகத்துக்குள் இருக்கும் வெளிநோயாளர் பிரிவு. 19 என்றால் வளாகத்துக்கு வெளியே இருக்கும் பிரிவு. எங்கள் மருத்துவர் 11-இலிருந்து 19-க்கு மாறியிருந்தார். நடந்தது அவ்வளவுதான்.

நாம் வேலை பார்க்கும் நிறுவனம் தரும் காப்பீட்டில் இது எப்படி விழும் என்பது திட்டத்தைப் பொறுத்தது. கோ-பே திட்டத்தில் இருப்பவர்கள் பாதுகாப்பாக இருப்பதாக நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பல திட்டங்களில் அந்த 40 டாலர் மருத்துவரின் கட்டணத்துக்கு மட்டும்தான். மருத்துவமனையின் கோரிக்கை ‘வெளிநோயாளர் மருத்துவமனைச் சேவை’ என்ற வேறு தலைப்புக்குள் போய், டிடக்டிபிளில், அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் ஒவ்வோர் ஆண்டும் நாமே கட்டவேண்டிய தொகையில், விழுகிறது. மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் சேமிக்கும் எச்எஸ்ஏ கணக்குடன் வரும் உயர் டிடக்டிபிள் திட்டத்தில் நோய்க்காகப் போகும்போது இரண்டு பில்லுமே முழுதாக நம் தலையில்தான். 2025-இல் அப்படிப்பட்ட திட்டத்தின் குறைந்தபட்ச டிடக்டிபிளே தனிநபருக்கு 1,650 டாலர், குடும்பத்துக்கு 3,300 டாலர். ஜனவரியில் போனால் முழுச் சுமை. டிடக்டிபிள் தீர்ந்த நவம்பரில் போனால் ஒரு பங்கு மட்டும். ஆகவே எச்எஸ்ஏ திட்டத்தில் இருப்பவர்கள்தான் 11-ஆம் எண் கிளினிக்கை முதலில் தேடவேண்டும்.

இதைவிட ஆபத்தான ஒப்பீடு ஒன்று இருக்கிறது. டெக்சஸில் கடைத்தொகுதிகளில், உயிராபத்தில்லாத அவசரங்களுக்கான அர்ஜன்ட் கேர் கிளினிக்கும், மருத்துவமனையோடு ஒட்டாமல் தனியே நிற்கும் எமர்ஜென்சி மையமும் ஒரே தெருவில் இருக்கும். இரண்டிலும் பளிச்சென்ற வரவேற்பறை, இரண்டிலும் முன்பதிவு தேவையில்லை. ஆனால் பலகையில் ‘எமர்ஜென்சி’ என்ற சொல் இருந்தால் அதன் பில்லும் எமர்ஜென்சி பில்தான். அங்கே வசதிக் கட்டணம் ஒன்று முதல் ஐந்து வரையிலான தீவிர நிலைகளின்படி ஏறும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கூட்டரசுச் சட்டம், நம் காப்பீட்டோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க்குக்கு வெளியே இருக்கும் எமர்ஜென்சிக்கும் நெட்வொர்க் அளவிலேயே நம் பங்கைக் கணக்கிடச் சொல்கிறது. அது நல்ல பாதுகாப்பு. ஆனால் வசதிக் கட்டணத்தை அந்தச் சட்டம் ஒழிக்கவில்லை. தொண்டை வலி, காது வலி, சுளுக்கு என்றால் அர்ஜன்ட் கேர். நெஞ்சு வலி, பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என்றால் எந்தக் கணக்கும் பார்க்காமல் 911 அவசர எண்ணை அழையுங்கள்.

கண்புரை, மூட்டு உள்நோக்கி அறுவை போன்றவற்றுக்குத் தனி அறுவை மையமா, மருத்துவமனையா? இரண்டிலும் வசதிக் கட்டணம் உண்டு. தனி மையத்தில் பெரும்பாலும் குறைவு. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு அதுவே போதும். இதய நோயோ, தூக்கத்தில் மூச்சடைப்போ இருந்தால் நான் மருத்துவமனையைத்தான் தேர்ந்தெடுப்பேன். பக்கத்திலேயே தீவிர சிகிச்சைப் பிரிவு இருப்பதற்கு அந்தக் கூடுதல் பணம் தகும். எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு அந்த வாதம் அநேகமாகப் பொருந்தாது. மருத்துவர் வேறு காரணம் சொல்லாதவரை தனி ஸ்கேன் மையமே போதும்.

சட்டம் காப்பாற்றுமா? முக்கியமாக 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்கு 2015-இல் ஒரு திருத்தம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 2-க்குப் பிறகு வளாகத்துக்கு வெளியே தொடங்கிய பெரும்பாலான பிரிவுகளுக்கு 2017 முதல் மருத்துவமனை விகிதம் கிடையாது. நிறுவனக் காப்பீட்டை அது கட்டுப்படுத்தாது. அங்கே காப்பீட்டு நிறுவனமும் மருத்துவமனையும் போட்ட ஒப்பந்தம்தான் விலை. மாநிலங்களிலும் ஒரே நிலை இல்லை. கனெக்டிகட்டில் வளாகத்துக்கு வெளியே நடக்கும் சாதாரண ஆலோசனைக்கு இந்தக் கட்டணம் வசூலிக்க 2017 முதல் தடை உண்டு. பல மாநிலங்களில் அப்படி எதுவும் இல்லை.

அதனால் முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: “இது மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவா? எனக்கு ஒரு பில் வருமா, இரண்டா?” வரவேற்பில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் பில்லிங் பிரிவுக்கு இணைக்கச் சொல்லுங்கள். பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் விலை ஒப்பிடும் கருவியைப் பாருங்கள். 2024 முதல் எல்லாச் சேவைகளுக்கும் அதைத் தரவேண்டியது அவர்கள் கடமை. பில் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் உடனே கட்டாதீர்கள். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் இஓபி என்ற கணக்கு விளக்கத் தாளோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு செலவையும் தனித்தனியே காட்டும் பில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனம் மறுத்த தொகைக்கு, மறுப்பு கைக்கு வந்ததிலிருந்து மேல்முறையீடு செய்ய 180 நாள் இருக்கிறது. லாப நோக்கற்ற மருத்துவமனை என்றால் வருமானத்தைப் பொறுத்த நிதியுதவிக்கு, முதல் பில்லிலிருந்து 240 நாள்வரை விண்ணப்பிக்கலாம்.

எங்கள் 286 டாலரில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை, கட்டினோம். மகளை இப்போது ஒன்பது மைல் தள்ளி இருக்கும் தனி மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். பழைய மருத்துவரை அவளுக்கு மிகவும் பிடிக்கும், அது இன்னும் வலிக்கிறது. என் நிறுவனத்தின் திட்டம் சுயநிதித் திட்டம், அதாவது மருத்துவமனைக்குப் போகும் பணம் நிறுவனத்தின் பணமும் எங்கள் சம்பளப் பிடித்தமும்தான். சாதாரண ஆலோசனைக்கு எந்த வாசலில் நுழைந்தாலும் ஒரே விலை என்று அடுத்த ஒப்பந்தத்தில் கேட்கும்படி மனிதவளப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு பில்களின் நகலையும் இணைத்திருக்கிறேன்.